கூமாப்பட்டி மெய்ப்பாட்டியல்: சில்லறைச் செலவுச் சிரிப்புப் படங்கள் குறித்த ஒரு முன்னாய்வு

போலி ஆவணப்படம் எங்கே பிறந்தது என்று கேட்டால் சினிமா ஆராய்ச்சியாளர்கள் லண்டன் என்பார்கள், அமெரிக்கா என்பார்கள். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில் விலக்கில் மேற்கே திரும்பி, வத்திராயிருப்பு தாண்டினால் வரும் கூமாப்பட்டியை ஒருவரும் சொல்வதில்லை. அவர்கள் யாரும் அந்த விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வின் எல்லை கிழக்கே சிவகாசி, மேற்கே மலை. மலைக்கு அப்பால் மலையாளப் படங்கள் இருப்பதால் அது தனி ஆராய்ச்சி.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வது ஆய்வு மரபு. மாக்குமென்டரி என்று குறும்படப் பையன்கள் சொல்வது, முழுப் பொய்யை ஆவணப்படத்தின் உடையில் நிறுத்துவது. நாற்காலி போட்டு ஒருவரை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பார்கள். அவர் நெஞ்சுக்குக் கீழே பெயரும் பட்டமும் எழுத்தில் வரும். பின்னணியில் ஒரு கனத்த குரல் தகவல் சொல்லும். கேமரா லேசாக ஆடும். சொல்லப்படுவது மட்டும் கலப்படமில்லாத கப்ஸா. ராப் ரெய்னர் 1984-இல் எடுத்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ இவ்வகைக்கு ஆதிநூல் என்பார்கள். இல்லாத ஒரு இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் பற்றிய படம் அது.

கூமாப்பட்டிக்கு வருவோம். 2025 ஜூன் மாதம் தங்கபாண்டி என்ற உள்ளூர் இளைஞர் இன்ஸ்டாகிராமில் போட்ட ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. தண்ணீரில் நின்றுகொண்டு, “ஏங்க... கூமாப்பட்டிக்கு வாங்க” என்று அவர் கூப்பிட்ட கூப்பிடு, கல்லூரி விடுதி முதல் கல்யாண மண்டபம் வரை எதிரொலித்தது. ஊர் ஒரு தனித் தீவு என்றார். அதன் தண்ணீர் நோய் தீர்க்கும் என்றார். நிலவியல்படி பார்த்தால் தீவுக்கு நாலு பக்கமும் தண்ணீர் வேண்டும். கூமாப்பட்டிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, மற்றப் பக்கங்களில் வயலும் தென்னந்தோப்பும் தார்ச்சாலையும். ஆனால் பூகோளப் புத்தகத்தை யார் எடுத்துப் பார்த்தார்கள்? வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வந்தவர்கள் நேராகப் போய் நின்ற இடம் பிளவக்கல் அணை. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகளுக்குச் சேர்ந்த பெயர் அது. வட்டாரத்துப் பாசனத்துக்குக் கட்டியவை, குளித்துக் கும்மாளமிடக் கட்டியவை அல்ல. அணைக்குள் அனுமதி இல்லை, வர வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று. சில வாரங்களில் அரசு பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த ரூ.10 கோடி என்று அறிவித்தது. தங்கபாண்டி ஜீ தமிழ் நிகழ்ச்சி மேடைக்குப் போனார்.

கணக்கைப் பாருங்கள். முதலீடு ஒரு போன், அதற்கு ரீசார்ஜ், இடுப்பளவு தண்ணீர். பலன் 10 கோடி ரூபாய்ப் பூங்கா. இத்தனை பெரிய பரிசு வைத்த குறும்படப் போட்டி இக்கட்டுரையாளரின் கண்ணில் இதுவரை படவில்லை. குறைந்த செலவுக்கு உலகமே உதாரணம் காட்டும் ராபர்ட் ரோட்ரிகஸ், 1992-இல் வந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் முடித்தார், அதில் ஒரு பங்கை மருந்துச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தார். கூமாப்பட்டி முறையில் ஊசி குத்திக்கொள்ளத் தேவையில்லை.

அந்த ரீல்ஸ் ஊர்ப்பாசத்தின் பொங்கல், அதைப் போலி ஆவணப்படம் என்பது தகுமா என்று மறுப்பு எழலாம். எழட்டும். எடுத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பது இவ்வாய்வுக்குப் புறம்பானது. பார்த்தவர் மனத்தில் என்ன நடந்தது என்பதே கேள்வி. இங்கேதான் தொல்காப்பியர் கைகொடுக்கிறார்.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்த அவர், சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நம் சினிமா நகைச்சுவை முழுவதையும் இந்த நான்கு டப்பாவில் போட்டு மூடிவிடலாம். கவுண்டமணி செய்வது எள்ளல். செந்தில் படுவது பேதைமை. மடன் மட்டும் சிக்கலானது. பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் என்று உரைகாரர் விளக்குவர். சாதாரண நகைச்சுவையில் இந்த மடன் திரையில் இருக்கும் ஆளிடம் இருக்கும். நாம் வெளியே உட்கார்ந்து சிரிப்போம். போலி ஆவணப்படத்தில் அது திரையை விட்டு இறங்கி நம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் நாமே அந்த நாற்காலியில் இருப்போம். கூமாப்பட்டிக்கு டிபன் கேரியரோடு வந்து இறங்கிய குடும்பங்கள் தொல்காப்பியருக்கு எழுதப்பட்ட நடமாடும் உரைகள்.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் என்று வருந்த வேண்டாம். 1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் ஸ்பாகெட்டி அறுவடை அமோகம் என்று ஒரு மூன்று நிமிடச் செய்திப்படம் காட்டியது. பெண்கள் மரக்கிளைகளிலிருந்து நூல் நூலாக ஸ்பாகெட்டியைப் பறித்து வெயிலில் உலர்த்தினார்கள். பின்னணிக் குரல் ரிச்சர்ட் டிம்பிள்பி. நாட்டின் பெரிய நிகழ்வுகளுக்கெல்லாம் வர்ணனை சொன்ன குரல் அது. அந்தக் குரல் பொய் சொல்லும் என்று எவருக்குத் தோன்றும்? அன்றைய இங்கிலாந்தில் ஸ்பாகெட்டி அவ்வளவாகப் புழங்காத பண்டம். அந்த மரத்தை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று கேட்டு நிலையத்துக்குப் போன் வந்தது. ஒரு துண்டு ஸ்பாகெட்டியைத் தக்காளிச் சாறு டப்பாவில் நட்டுவைத்து நல்லதே நடக்கும் என்று நம்புங்கள் என்று பதில் சொன்னார்களாம். லண்டன்காரர் போனோடு நின்றார், நம்மவர் வேன் பிடித்து வந்தார் என்பதைக் கவனிக்க. மடனிலும் நம்முடையது செயல்வகை.

தமிழ்க் குறும்பட மரபில் இதற்கு நேர் எதிரான ஒரு பட்டியும் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டிக்கு ராம்குமார் எடுத்த குறும்படம் ‘முண்டாசுப்பட்டி’. 2014-இல் முழுநீளப் படமாயிற்று. போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊரின் கதை. அதில் முனீஷ்காந்தாக வந்த ராமதாஸ் பிறகு அந்தப் பெயரிலேயே நிலைத்துவிட்டார். முண்டாசுப்பட்டி கேமராவைக் கண்டு ஓடியது. கூமாப்பட்டியைக் கேமராவில் கண்டவர்கள் ஓடி வந்தார்கள். ஓட்டத்தின் திசை மாறினாலும் மூலம் ஒன்றே. இதைப் ‘பட்டி விதி’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது: ஊர்ப்பெயர் பட்டி என்று முடிந்தால் பார்ப்பவர் பாதி நம்பிவிடுகிறார்.

‘நாளைய இயக்குநர்’ பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் என்று ஒரு வரிசையே அந்த வாசல் வழியாக வந்தது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’யும் அல்போன்ஸின் ‘நேரம்’ படமும் முதலில் குறும்படங்கள். அன்றுமுதல் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பையன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், “தம்பி குறும்படம் எடுக்கான்” என்று பெற்றோர் சொல்லிச் சமாளிக்க ஒரு மரியாதையான பதில் கிடைத்தது. சமூகவியலாளர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு: ஆடிக் கருதுகோள்.

இந்த வட்டாரத்தில் குறும்படம் எடுக்க வேண்டுமென்றால் கேமரா கல்யாண ஸ்டுடியோவிலிருந்துதான் வர வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் கேட்டால் ஸ்டுடியோ அண்ணன் போனையே எடுக்க மாட்டார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கேமரா, ஸ்டாண்டு, கிம்பல், ஹெலிகேம் எல்லாம் அலமாரியில் தூங்கும். வாடகை கேட்காமலே கொடுத்துவிடுவார். கூடவே, சும்மா இருக்கும் தம்பி ஒருவரையும் அனுப்புவார். அதே ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். சதுரகிரியில் ஆடி அமாவாசைக் கூட்டம், தாணிப்பாறை வரை ஜனம். ஆக ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் செலவும் மிச்சம். கேமராவும் கூட்டமும் ஒரே மாதத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு நாடு இருந்தால் அறிஞர்கள் சுட்டிக்காட்டலாம்.

ஆனால் ஆடிக்கு இன்னொரு குணமும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் காற்று. காலர் மைக்கில் நாயகன் நாயகியிடம் உருகிச் சொன்ன வசனத்தை வீட்டுக்கு வந்து கேட்டால், லாரி டார்ப்பாய் படபடப்பது மட்டும் கேட்கும். மைக்கின் தலையில் பஞ்சு சுற்றிப் பார்ப்பார்கள். காதலர்களைச் சுவரோரம் நகர்த்திப் பார்ப்பார்கள். டயலாக்கை மாற்றிப் பார்ப்பார்கள். வெளியில் பேசவே முடியாது என்ற முடிவுக்கு வந்தபின் மிச்சம் இருப்பது இரண்டே வழி. ஒன்று, ஆளை வீட்டுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் பேட்டி எடுப்பது. மற்றது, வெளிக்காட்சிகளை ஊமையாக எடுத்து, ராத்திரி போர்வைக்குள் புகுந்து பின்னணிக் குரல் பதிவது. பேட்டியும் பின்னணிக் குரலும் சேர்ந்தால் அது என்ன? ஆவணப்படம். எடுக்க வந்தது காதல் கதை என்பதால், போலி ஆவணப்படம். ஆகவே இவ்வட்டாரத்தில் இவ்வகை தோன்றக் காரணம் கலைக்கொள்கை அல்ல, தென்மேற்குப் பருவக்காற்று என்பது நிறுவப்பட்டது.

தங்கபாண்டியின் ரீல்ஸ் பரவியது ஆனியில் ஆயிற்றே, கருதுகோள் உடையவில்லையா என்று கேட்பவருக்கு விடை: போனில் எடுப்பவருக்குக் கல்யாணக் கேமரா வேண்டாம், தண்ணீரில் நின்று கத்துகிறவருக்குக் காலர் மைக் வேண்டாம். விதிவிலக்கு விதியை வலுப்படுத்துகிறது. எல்லா ஆய்வேடுகளிலும் இந்த வாக்கியம் எங்கேனும் ஒளிந்திருக்கும். இதில் வெளிப்படையாகவே இருக்கட்டும்.

கருவிகள் விஷயத்தில் ராஜபாளையம் பக்கம் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உச்சி வெயிலில் முகத்தில் விழும் கறுப்பு நிழலைத் தணிக்க, படப்பிடிப்புக்காரர்கள் விளக்குக்கு முன்னாலோ ஆளின் தலைக்கு மேலோ மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். நகரத்தில் அதற்கென்று விற்கும் துணிக்குக் கொள்ளை விலை. இங்கே பக்கத்திலேயே சத்திரப்பட்டி. மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் ஊர். இரண்டு மடிப்பு பேண்டேஜ் துணியை மூங்கிலில் கட்டி நாலு பேர் பிடித்தால் வெயில் பால் வெயிலாகிவிடும். நாலு பேரில் ஒருவருக்குக் கை வலித்தால் நாயகனின் பாதி முகம் திடீரென்று வெளுக்கும். ஆவணப்படம் என்பதால் அதுவும் செல்லும். இந்தத் தைரியத்துக்கு இந்தியாவில் மூத்தவர்கள் மகாராஷ்டிரத்து மாலேகாவ்காரர்கள். அங்கே நாசிர் ஷேக் தறி ஓட்டும் ஊர் ஆட்களை வைத்து ‘ஷோலே’யைக் கேலி செய்து ‘மாலேகாவ் கே ஷோலே’ எடுத்தார். மாட்டுவண்டியைக் கிரேனாகவும் சைக்கிளை டிராலியாகவும் ஓட்டினார்கள். அவர்கள் சூப்பர்மேன் படம் எடுத்த கதையை ஃபைசா அகமது கான் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ என்று உண்மையான ஆவணப்படமாகவே எடுத்தார். தறிச் சத்தத்துக்கும் சிரிப்புப் படத்துக்கும் உறவு உண்டா என்பது சத்திரப்பட்டியையும் வைத்து ஆராயத்தக்கது.

நடிகர்கள்? ஊர்ப் பெரியவர்கள். இங்கேதான் இந்தக் கலையின் உயிர்நிலை இருக்கிறது. சம்பாஷணை பெரும்பாலும் இப்படிப் போகும்:

“தாத்தா, கேமராவப் பாக்காதீங்க.”

“பாக்காம பேசுனா ஆரோடடா பேசுதேன்னு நெனப்பான்?”

“என்னோட பேசுங்க தாத்தா. இந்தக் கம்மாய்ல முதல இருந்துச்சுல்லா, அதச் சொல்லுங்க.”

“முதல எங்கடா இருந்துச்சு? தண்ணியே இல்ல.”

“சும்மா சொல்லுங்க தாத்தா, படத்துக்கு.”

“படத்துக்குன்னா ரெண்டு முதலயாச் சொல்லுதேன்.”

அந்தத் தாத்தா மடை, மறுகால், எந்த வருஷம் கரை உடைந்தது என்று நிஜமான விவரங்களோடு ஆரம்பித்து, நடுவில் இரண்டு முதலைகளை முகம் மாறாமல் நுழைப்பார். எந்த நடிப்புப் பள்ளியிலும் அதைச் சொல்லித்தர முடியாது. பையன்கள் கெடுப்பது அடுத்த காட்சியில். பேட்டி எடுப்பவன் சிரித்துவிடுவான். அல்லது கேமராவைப் பார்த்துக் கண்ணடிப்பான். அதுவும் போதாதென்று வெட்டியொட்டும்போது ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் சேர்ப்பார்கள், பக்கத்தில் வடிவேலு முகத்தை ஒட்டுவார்கள். இதோ ஜோக், சிரியுங்கள் என்று பலகை நட்டபிறகு மடனுக்கு அங்கே வேலையில்லை, எஞ்சுவது எள்ளல். போட்டிக்குப் போகும் போலி ஆவணப்படங்களில் பெரும்பாலானவை தோற்பது காசில்லாமல் அல்ல, இந்தச் சிரிப்பை அடக்கத் தெரியாமல். கூமாப்பட்டி ரீல்ஸில் ‘டொய்ங்’ இல்லை. அந்தக் கூப்பிடுதலில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் மரியாதை இருந்தது. டிம்பிள்பியின் குரலிலும் அதேதான்.

ராஜபாளையம் நாயைப் பற்றிச் சுருக்கமாக. 2005-இல் தபால்தலையில் ஏறிய இந்த வெள்ளை வேட்டை நாய் இவ்வட்டாரக் குறும்படங்களுக்கு இயல்பான நட்சத்திரம். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குக் காது கேட்காது. ஆக்‌ஷன் என்றாலும் கட் என்றாலும் ஒரே பார்வைதான். சிரிக்காமல் நடிப்பதில் மனிதர்கள் இதனிடம் பாடம் கேட்கலாம்.

மலையடிவாரத்தில் கேமராவைத் தூக்குமுன் ஒரு எச்சரிக்கை. 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலெடுத்து வைத்தால், நிஜமான ஆவணம் ஒன்று உங்கள் பெயரில் தயாராகும். ஹெலிகேம் பறக்கவிடுவதற்கும் இதே கதை. தென்னந்தோப்புக்காரரிடம் கேட்டு அங்கேயே காடு என்று எழுத்துப் போட்டுக்கொள்வது உத்தமம். போலி ஆவணப்படத்தில் காடும் போலியாக இருப்பதில் இலக்கணப் பிழை இல்லை.

கடைசியில் போட்டி. வாஷிங்டனில் 2001-இல் தொடங்கிய ‘48 மணி நேரப் படத் திட்டம்’ உலகின் பல நகரங்களில் நடக்கிறது. குழுக்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் படவகையைக் கொடுப்பார்கள். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் கட்டாயம். இரண்டே நாளில் எழுதி, எடுத்து, வெட்டி, நாலு முதல் ஏழு நிமிடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். சீட்டில் வரும் வகைகளில் போலி ஆவணப்படமும் உண்டு. நம் ஊர்ப் போட்டிகளில் சீட்டு இல்லை, விண்ணப்பம் உண்டு. நடுவரிடம் தோற்றவனின் வலியை அறிய விரும்புவோர் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’வின் தொடக்கத்தைப் பார்க்கலாம், குறும்படப் போட்டி மேடையிலிருந்துதான் அந்தக் கதாநாயகன் மதுரைக்கு ரவுடியைத் தேடிக் கிளம்புகிறான்.

நம் கூமாப்பட்டிப் பக்கத்துக் குழுவுக்கு வரும் இடைஞ்சல் அதைவிட நுட்பமானது. விண்ணப்பத்தில் ‘புனைவு’, ‘ஆவணப்படம்’ என்று இரண்டே கட்டம் இருக்கும். ஒன்றில்தான் குறியிட முடியும். முதலைகள் இருப்பதால் புனைவு என்பான் இயக்குநர். கரை உடைந்த வருஷம், மடைகளின் பெயர், மறுகால் போகும் வழி அத்தனையும் உண்மை, முதலை அரை நிமிஷம்கூட இல்லை, ஆகவே ஆவணப்படம் என்பான் வெட்டியொட்டியவன். ஸ்டுடியோ அண்ணனுக்கு இரண்டுமே கவலையில்லை. ஆவணி பிறக்கப் போகிறது, கேமராவைத் திருப்பிக் கொடுங்கள் என்பார். கடைசி நாள் ராத்திரி, இலவசச் செயலி மூலையில் ஒட்டிய கைன்மாஸ்டர் முத்திரையோடு கோப்பு பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதும் இந்த விவாதம் முடிவதில்லை. தாத்தாவிடம் கேட்டுவிடலாம் என்று எவனாவது போன் போடுவான். அவர் மூன்றாவது முதலை ஒன்று நினைவுக்கு வந்திருப்பதாகச் சொல்வார்.